சம்மந்தியம்மாவின் புதுச் சப்பாத்து

பேசாமல் இருக்கும் மனிதனைக் கண்டால் மற்றவர்கள் ஒன்று அவனைப் பெரிய ஞானி என்று நினைப்பார்கள், அல்லது தங்களை அவனுக்குப் பிடிக்கவில்லை என்று நினைப்பார்கள். அவனுக்கு வெறும் கூச்சம் என்பது ஒருவருக்கும் தோன்றாது. என்னை இதுவரை ஒருவரும் ஞானி என்று நினைத்ததில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தமிழ் வாசிப்பேன், எழுதுவேன். ஆங்கிலம் காதால் பொறுக்கியது. ஒக்லாந்து நகரத்தில், பென்ரோஸ் பக்கம் ஒரு சாமான் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. பெட்டிகளோடு கதைக்க வேண்டிய தேவை இல்லாதபடியால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

என் மகள் ஆரணி ஒருநாள் தான் டேனியல் என்ற வெள்ளைக்காரப் பெடியனைக் கலியாணம் செய்யப்போவதாகச் சொன்னாள். நல்ல பெடியன். எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் மறுப்பில்லை என்பதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. (கேட்டால்தானே சொல்லுவது.)

அவனுடைய தாய் தகப்பன், ஹெதரும் ராஸும், தெற்குத் தீவில் மாடு வளர்க்கிறவர்கள். முதல்முறை அவர்கள் ஏவன்டேலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சப்பாத்தைக் கழற்றாமல் நேரே உள்ளே வந்துவிட்டார்கள். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கண்ணையும் எடுக்க முடியவில்லை. அவர்கள் தேநீர் குடித்து முடியும்வரைக்கும் நான் அந்த நாலு சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பின்வளவுக்குப் போய் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டேன். அவர்கள் புறப்பட்டுப் போகும்வரை விட்டேன். அந்த வருடம் மிளகாய் காய்க்கவேயில்லை.

ஒரு கிழமை கழித்து ஆரணி அழுதுகொண்டு வந்தாள். இங்கே பிறந்த பிள்ளை. அழும்போதும் ஆங்கிலத்தில்தான் அழுவாள். ஹெதர் தன் மகனிடம், "அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு எங்களைக் கண்ணிலும் காட்டக் கூடாது. வேண்டாத இடத்தில் நீ போய் நிற்பதை என்னால் பார்க்க முடியாது" என்று சொல்லியிருக்கிறார். அவனும் குழம்பிப்போய் நிற்கிறானாம்.

"அப்பா, ப்ளீஸ். ஏதாவது கதையுங்கோ" என்றாள். அதை மட்டும் தமிழில் சொன்னாள்.

பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். யாருடைய வீடும் வேண்டாம். நகரத்துக்குள் ஒரு சின்ன ஹோட்டலில் இரண்டு பக்கத்துத் தாய் தகப்பனும் அடுத்தடுத்த அறைகளில் இரண்டு இரவு தங்குவது. துறைமுகத்தைச் சுற்றும் படகு, நகர நடுவில் நிற்கும் உயரக் கோபுரம், கடற்கரை என்று சேர்ந்து பார்ப்பது. பழகினால் எல்லாம் சரியாகிவிடும்.

"ரெயில் ஏறினா வீட்டை வந்து படுக்கலாம். இதுக்குள்ள என்னத்துக்கு ஹோட்டல்?" என்றாள் என் மனைவி வசந்தி. ஆனாலும் இரண்டு நாளுக்கு முந்தியே பையை அடுக்கத் தொடங்கிவிட்டாள். தலையணை உறை, மிளகாய்த் தூள், எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு சோடி பாத்ரூம் செருப்பு. ஊர் உலகம் எல்லாம் வந்துபோகும் குளியலறையில் வெறுங்காலோடு நிற்க அவள் சம்மதிக்கமாட்டாள்.

நான் என் பங்குக்கு ஒரு ஆங்கில வாக்கியத்தைத் தயார் செய்தேன். 'ஐ ஆம் வெரி ஹாப்பி.' பிள்ளைகளின் விஷயத்தில் எனக்கு மிகவும் சந்தோஷம் என்று நீட்டிச் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். நீளம் கூடினால் நடுவில் விழுந்துவிடும் என்று குறைத்துக்கொண்டேன். பெட்டி அடுக்கும்போதெல்லாம் அதையே சொல்லிப் பழகினேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற சமோவாக்காரன் என்னைக் கடக்கும்போதெல்லாம், "குட் ஆன் யூ, ப்ரோ" என்றான். ஒரு கிழமை முழுவதும் கிடங்கிலேயே சந்தோஷமான மனிதன் நான்தான் என்று பெயர்.

ஹோட்டலில் முதல் நாள் மாலை நால்வரும் சேர்ந்து சாப்பிட்டோம். ராஸ் பெரிய உடம்பு, மெல்லிய குரல். மாடுகளைப் பற்றிச் சொன்னார். ஹெதர் மெலிந்த, மிகவும் ஒழுங்கான மனுஷி. இந்தப் பயணத்துக்கென்றே புதிதாக வாங்கிய நீலச் சப்பாத்து போட்டிருந்தார். அதை வசந்தி புகழ்ந்தாள். (வசந்தியின் ஆங்கிலமும் என்னுடையது போலத்தான். ஆனால் அவளுக்கு வெட்கம் இல்லை.) நான் என் வாக்கியத்தை வாய்வரை கொண்டுவந்து, ஒவ்வொரு தரமும் சோற்றோடு விழுங்கினேன். சாப்பாடு முடிந்தபோது ஹெதர் என்னைப் பார்க்காமல் குட்நைட் சொன்னார்.

அறைக்கு வந்ததும், காலகாலமாகச் செய்வது போல, வசந்தியும் நானும் சப்பாத்தைக் கழற்றிக் கதவுக்கு வெளியே சோடியாக வைத்தோம். அது ஹோட்டல் நடை என்பதோ, அது எங்கள் வாசல் இல்லை என்பதோ இருவருக்கும் தோன்றவில்லை. கதவு இருந்தது, கதவுக்கு வெளியே சப்பாத்து. அவ்வளவுதான்.

காலையில் கதவைத் திறந்தால் வெறும் கம்பளம்.

"களவோ?" என்றாள் வசந்தி.

"கீழ போய்க் கேப்பம்."

"என்னத்தைப் போட்டுக்கொண்டு போறது?"

பாத்ரூம் செருப்பைப் போட்டுக்கொண்டு போனோம். நான் இஸ்திரி போட்ட காற்சட்டை, கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேர்ட்; காலில் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. வசந்தி பட்டுச் சேலை. காலில் மஞ்சள் செருப்பு. படிகளில் நாங்கள் இறங்கிய சத்தம் ஹோட்டல் முழுவதும் கேட்டிருக்கும்.

வரவேற்பு மேசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். சட்டையில் முருகேசன் என்று பெயர் குத்தியிருந்தது. தமிழர் என்று கண்டதும் எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தமிழருக்கு முன்னால் வெட்கப்படுவதுதான் மிகவும் கஷ்டம்.

"சார், நடைல ஷூ விட்டது நீங்கதானா?" என்று அவரே கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"நெனச்சேன். ராத்திரி டூட்டி பையன் புதுசு. தீப்பிடிச்சா ஓடுற வழில எதுவும் கெடக்கக் கூடாதுன்னு ரூல். மொத்தத்தையும் அள்ளி ஸ்டோர்ல போட்டுப் பூட்டிட்டான்."

"திறந்து தாங்கோவன், தம்பி" என்றாள் வசந்தி.

"சாவி மேனேஜர்ட்ட இருக்கும்மா. அவருக்கு வீடு தூரம், மாசிங்கிற ஏரியா. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, பத்து மணிக்கு மேலதான் வருவார். போன் எடுக்க மாட்டேங்குறார்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களோடது மட்டும்னா பரவால்ல. அவங்களோடதும் சேந்து போச்சே."

அவர் கண் போன திசையில் திரும்பிப் பார்த்தேன். சோபாவில் ராஸும் ஹெதரும் உட்கார்ந்திருந்தார்கள். நாலு வெறுங்கால்கள். ராஸின் கால்கள் ஒவ்வொன்றும் ஒரு சின்னப் படகு அளவு இருந்தன. ஹெதர் தன் கால்களைச் சோபாவுக்கு அடியில் இழுத்து ஒளித்து வைத்திருந்தார்.

ராஸ் விளக்கினார். மெதுவாகச் சொன்னபடியால் எனக்கு எல்லாம் விளங்கியது. எங்கள் வீட்டுக்குச் சப்பாத்தோடு உள்ளே வந்தது பிழை என்று மகன் பிறகுதான் சொன்னானாம். என் முகம் ஏன் அப்படி இருந்தது என்று ஹெதருக்கு அப்போதுதான் புரிந்ததாம். நேற்று இரவு எங்கள் கதவுக்கு வெளியே சப்பாத்து இருந்ததைக் கண்டதும், "இது அவர்களின் வழக்கம். இந்த முறை நாம் சரியாகச் செய்ய வேண்டும்" என்று சொல்லி, ராஸினுடையதையும் கழற்றுவித்துத் தன் புதுச் சப்பாத்தோடு சேர்த்து வெளியே வைத்தாராம்.

அதாவது, என்னை மதிக்கப் போய் அந்த மனுஷி சப்பாத்தைத் தொலைத்திருந்தார். பிள்ளைகள் படகுத்துறையில் காத்து நிற்கிறார்கள். படகு ஒன்பது மணிக்கு. ஆளுக்குக் கொண்டுவந்தது ஒரு சோடிதான்.

ஹெதர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "என் புதுச் சப்பாத்து போய்விட்டது" என்றார்.

ஏதாவது சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கான ஆங்கிலம் ஒரே ஒரு சொல். அது எனக்குத் தெரியும். தினமும் ரெயிலில் யாரையாவது இடித்தால் சொல்லுகிற சொல். ஆனால் என் வாயில் ஏற்கனவே ஒன்றை ஏற்றி வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் அதுதான் வெளியே வந்தது.

"ஐ ஆம் வெரி ஹாப்பி" என்றேன்.

முருகேசன் கணினித் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டார். வசந்தி, "ஐயோ, முருகா" என்றாள். ஹெதரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அவர் எழுந்து மாடிப்படியை நோக்கித் திரும்பினார். அவர் மேலே போனால் பெட்டியை அடுக்குவார், பெட்டியை அடுக்கினால் ஊருக்குப் போவார், போனால் என் பிள்ளையின் கலியாணம் அதோடு சரி என்று எனக்கு அந்த நொடியில் முழுவதும் தெரிந்தது.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டேன். ஓடிப்போய்ப் படிக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். என் செருப்பைக் கழற்றி, அவருடைய கால் போகும் பக்கமாகத் திருப்பி, இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

"என்னப்பா செய்யிறியள்?" என்று வசந்தி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "சம்மந்தியம்மாவுக்குச் செருப்பைக் காட்டுறியளே. அதுவும் கக்கூசுக்குப் போட்ட செருப்பை."

அது தமிழில் சொல்லப்பட்டதற்காக நான் இன்றுவரை கடவுளுக்கு நன்றி சொல்லுகிறேன். (முருகேசனுக்கு விளங்கியது. அவர் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவேயில்லை.)

ஹெதர் குனிந்து பார்த்தார். "ஓ, ஜாண்டல்ஸ்" என்றார்.

இந்த நாட்டில் அந்த ரப்பர் செருப்புக்கு அப்படி ஒரு பெயர் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு வங்கிக்கும் போவார்கள், கலியாணப் பதிவுக்கும் போவார்கள். அவர் என் தோளில் கையை ஊன்றி ஒரு காலை நுழைத்தார். செருப்பு இரண்டு மடங்கு பெரிது. வாரைப் பிடித்து நான்தான் மாட்டிவிட வேண்டியிருந்தது. மற்றக் காலையும் மாட்டினேன்.

"உங்களுக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்" என்றார். கை இன்னும் என் தோளில்தான் இருந்தது.

என்னிடம் வேறு வாக்கியம் இல்லை. அதையே மறுபடியும் சொன்னேன். இந்த முறை இடம் பொருந்தியது. அவர் அழுதார், அழுதபடியே சிரித்தார்.

ராஸ் எழுந்து காலை நீட்டிச் சோம்பல் முறித்தார். "சரி, நடப்போம். நான் சிறுவனாக இருந்தபோது வெறுங்காலோடுதான் பள்ளிக்கூடம் போனேன்" என்றார்.

"நானும்" என்றேன். ஒத்திகை பார்க்காமல் அவர்களிடம் நான் சொன்ன முதல் ஆங்கிலச் சொல் அதுதான்.

"எவ்வளவு காலம்?"

"ஐந்தாம் வகுப்பு. பிறகு இல்லை."

இதைத்தான் இந்த இரண்டு நாளும் மறைக்க நினைத்திருந்தேன். ராஸ் ஒரு மாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டு கதவைத் திறந்துபிடித்தார்.

குவீன் தெருவில் இறங்கி நடந்தோம். நான் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தபடியே போனேன். ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிக்னலில் எங்கள் பக்கத்தில் வந்து நின்ற ஒருவனும் வெறுங்காலோடுதான் நின்றான்; கையில் கோப்பி. படகுத்துறைக்கு இரண்டு கட்டடம் இருக்கும்போது ஒக்லாந்து மழை பிடித்துக்கொண்டது. ஹெதர் என் செருப்பில் தளக் தளக் என்று அழுக்குத் தண்ணீரை அடித்துக்கொண்டு நடந்தார். அவருடைய காற்சட்டையின் பின்பக்கம் இடுப்புவரை புள்ளி புள்ளியாய் இருந்தது.

படகுத்துறையில் குடையோடு நின்ற ஆரணி எங்கள் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்பா, வாட் டிட் யூ டூ?"

"அவர் பேசினார்" என்றார் ஹெதர்.

படகில் பார்த்தது எதுவும் எனக்கு நினைவில் இல்லை. குளிரில் கால்விரல்கள் விறைத்தது மட்டும் நினைவிருக்கிறது. மத்தியானம் திரும்பி வந்தபோது முருகேசன் நாலு சோடியையும் துடைத்து மேசையில் வரிசையாக வைத்திருந்தார். "அங்கிள், இனிமே உள்ளயே விடுங்க" என்றார். காலையில் சார். மத்தியானம் அங்கிள். எந்தச் சம்பவத்தால் இந்த மாற்றம் என்று நான் கேட்கவில்லை.

செருப்பைத் திருப்பித் தர ஹெதர் மறுத்துவிட்டார். நினைவுக்கு வைத்துக்கொள்கிறேன் என்று பெட்டிக்குள் வைத்துத் தெற்குத் தீவுக்குக் கொண்டுபோனார். கலியாணம் அடுத்த கோடையில் நடந்தது. அதில் அவர் எழுந்து, அதிகம் பேசாத ஒரு மனிதர் தன் காலில் இருந்ததைக் கழற்றித் தனக்குத் தந்தார் என்றும், அதைத் தன் சமையலறையில் மட்டுமே போடுவதாகவும் மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் சொன்னார். சனம் கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். வசந்தி பக்கத்தில் இருந்து என் காதுக்குள், "சமையலறையிலயாம்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தச் சண்டையிலும் வெற்றி வசந்திக்குத்தான். நான் குரலை உயர்த்தத் தொடங்கியதும் அவள் போனை எடுத்து, "ஹெதருக்கு ஒருக்கால் எடுக்கட்டோ?" என்பாள். ஆரணிக்கு விஷயம் தெரியும். அவளும் ஏதாவது வேண்டும் என்றால் அதையே கேட்கிறாள்.

ஹெதருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. தமிழில் எழுதினால் பயமில்லை என்றுதான் இதை இவ்வளவு விபரமாக எழுதியிருக்கிறேன். ஆனால் மருமகன் டேனியல் மாமனாரோடு கதைக்க வேண்டும் என்று சொல்லிப் போன மாதம் தமிழ் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். உயிரெழுத்து முடித்துவிட்டானாம். நல்ல கெட்டிக்காரன் என்று வாத்தியார் சொல்லுகிறார்.