சைலன்சர் வெந்த ஓவன்

உலகமே தலைகீழானாலும் இந்த வருஷம் புது ஓவன் கிடையாது என்று கணக்கர் சபதம் செய்திருந்தார். சாப்பிட்ட கையைக் கூடக் கழுவாமல், எழுந்து நின்று செய்த சபதம்.

மனைவி கேக் சுட்டு விற்பவள். பழைய ஓவனில் ஒரு பக்கம் கருகும், மறு பக்கம் கூழாக நிற்கும்.

"நடுவுல இருக்கறதை வித்துடேன்!" என்பது கணக்கரின் யோசனை.

அவருடைய கவலையே வேறு. பைக்கின் சைலன்சர் குழாய் துருப்பிடித்து, கருவாடு போல் கிடந்தது. செராமிக் பூச்சு டின் ஒன்றை ரகசியமாக வாங்கினார். பூசுவது சுலபம்தான். பூசியதைச் சூட்டில் வேக வைத்தால்தான் பிடிக்குமாம்.

சனிக்கிழமை காலை மனைவி செருப்பை மாட்டினாள்.

"அக்கா வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வரேன். என் ஓவன் பக்கம் போயிடாதீங்க."

"எனக்கு முட்டையே வேக வைக்கத் தெரியாதும்மா. நான் எதுக்கு அங்க போறேன்?"

அவள் தெருமுனை திரும்பியதும் உப்புத்தாள் வெளியே வந்தது. தேய்த்தார். தின்னரால் துடைத்தார். மெல்லிசாகப் பூசி, உலர்த்தி, குழாயைக் குறுக்காக ஓவனுக்குள் திணித்தார். வெந்து வந்தது பாருங்கள், மாப்பிள்ளைக் களை! நாற்றம்தான் வீட்டைத் தூக்கியது. ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, ஒரு சட்டி வெங்காயம் வதக்கினார்.

சாயங்காலம் உள்ளே வந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க வாசனை இது?"

"வெங்காயம்."

"தாரு ஊத்தியா வதக்கினீங்க?"

கணக்கர் பல்லியைப் பார்ப்பதுபோல் கூரையைப் பார்த்தார்.

"டின்னுல பின்பக்கம் படிச்சீங்களா?"

"முன்பக்கம் படிச்சேன்."

"இதை வேக வச்ச ஓவன்ல அப்புறம் சாப்பாட்டுச் சாமானே வைக்கக் கூடாதுன்னு பின்னாடி கொட்டை எழுத்துல போட்டிருக்கு."

"நீ எப்ப அதைப் படிச்ச?"

"நீங்க ஒளிச்சு வச்ச அன்னைக்கே. சமைக்கிறவகிட்டயிருந்து அரிசி டப்பாவுக்குப் பின்னாடியா ஒளிப்பாங்க?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"ஓவன் பக்கம் போகாதீங்கன்னு சொன்னேனே!"

அதற்குள் வாசல் மணி அடித்தது. இரண்டு பேர் பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"யாருப்பா நீங்க?"

"புது ஓவன் சார். அம்மா போன வாரமே சொல்லி வச்சுட்டாங்க, சனிக்கிழமை சாயங்காலம் சாருக்கு மனசு மாறிடும்னு."