தலகாணி டிரைவர்

ராமநாதபுரத்தில் முழுதாக விழித்திருந்த மனிதர் ஒருவர்தான். முழுதாகத் தூங்கிய மனிதரும் அவர் ஒருவர்தான். மற்ற நாங்களெல்லாம் இரண்டுக்கும் நடுவே, பாதி இமையில், டீ குடித்துக்கொண்டு அலைந்தோம்.

ரயில் நிலையத்துக்கு வெளியே வாடகைக் கார்கள் நிற்கும் வரிசையில் அவருடையது மூன்றாவது. லைசென்ஸில் நல்ல பெயர் ஒன்று இருந்திருக்கும். ஸ்டாண்டில் தலகாணி என்றால்தான் தெரியும். மற்ற வண்டிகளில் பின்கண்ணாடியோரம் ஒரு பொம்மை நாய் தலையாட்டும். இவர் வண்டியில் நீலக்கோடு போட்ட உறைக்குள் ஓர் இலவம்பஞ்சுத் தலையணை. ஒரு பயணி முதுகுக்கு அணைவாகக் கேட்டதற்கு, "பொண்டாட்டியக் கூட அதத் தொட விடமாட்டேன் சார்" என்றார்.

ஊரில் எல்லாரும் பார்த்தவுடன் "சாப்டீகளா" என்பார்கள். அவர் கேட்பது வேறு.

"நேத்து எத்தன மணி நேரம் தூங்குனீக?"

ஏழு என்றால் முகம் மலரும். ஆறு என்றால் "பாத்துக்கங்க" என்பார். அதற்கும் கீழே போனால், மழையில் நனைந்த ஆட்டைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

ராத்திரி ஒன்பதரைக்கு மேல் மாவட்ட ஆட்சியரே கூப்பிட்டாலும் வண்டி எடுக்க மாட்டார். பகலில் ஓட்டும்போது இமை லேசாகக் கனத்தால் போதும், நிழல் பார்த்து ஒதுக்கிவிடுவார். பிறகு நடப்பதுதான் வேடிக்கை. வண்டியில் யார் அதிகம் அவசரப்படுகிறாரோ அவர் கையில் சாவியைக் கொடுப்பார். "இருவது நிமிசம். நான் எங்கயும் ஓடிப் போயிர மாட்டேன், சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்." அடுத்த நொடி தலையணையில் தலை. சாவியை வாங்கியவருக்குக் கத்தவும் முடியாது. கையில் சாவியை வைத்துக்கொண்டு எதைக் கேட்டுக் கத்துவது?

ஒருமுறை மாப்பிள்ளைக் கார். பெண் தங்கச்சிமடம்; தேவாலயத்தில் பத்து மணிக்குக் கல்யாணம். பாம்பன் பாலத்துக்குச் சற்று முன்னால் வண்டி நின்றுவிட்டது. "பாலத்துமேல கண்ணு கனத்துச்சுன்னா ஒதுங்க எடமில்ல தம்பி" என்று மாப்பிள்ளை கையில் சாவியை வைத்துவிட்டுப் படுத்தார். கோட்டு சூட்டோடு, பனைமர நிழலில், சாவியும் கையுமாக நின்ற மாப்பிள்ளைக்கு மாமியாரிடமிருந்து போன்.

"எங்கன இருக்கீக மாப்ள?"

"டிரைவர் தூங்குறாரு அத்த."

"சாவியக் கேட்டு வாங்குங்க!"

"சாவி என்கிட்டதான் அத்த இருக்கு."

"அப்பறம் என்ன?"

"எனக்கு ஓட்டத் தெரியாது அத்த."

இருபதாவது நிமிடம் எழுந்து, முகம் கழுவி, பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தலகாணி மாப்பிள்ளையைத் தேவாலய வாசலில் இறக்கினார். அவர் வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

ஏன் இப்படி என்பதற்கு ஸ்டாண்டில் பல கதைகள் உலவின. முன்பு லாரி ஓட்டியபோது கண்ணயர்ந்து யாரையோ இழந்தார் என்றார்கள். நானே ஒருநாள் கேட்டேன்.

"பசிச்சா திங்கிறவன்கிட்ட ஏன் திங்கிறேன்னு கதை கேப்பீகளா சார்? தூக்கம் வருது, தூங்குறேன். அதுக்கொரு சாவு எதுக்கு?"

என்னைத்தான் அவருக்குச் சகிக்காது. தூங்காமலிருப்பதை நான் ஒரு தகுதியாக வைத்திருந்தேன். எழுத்தாளன் அல்லவா, இரவு என்னைத் தேடி வருகிறது என்று எழுதினேன். உண்மையில் நான்தான் கைபேசி வெளிச்சத்தில் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம், அதுவும் கிழிந்த துணிபோலத் துண்டுதுண்டாக. ஐம்பது வயதில் உடம்பு ஒரு வீடாக இல்லை, ஒரு பஸ் நிலையமாகிவிட்டது. எந்நேரமும் எதுவோ கிளம்பிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் என் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்று இரவு அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அறுவைக்கு முதல் நாள் அவள் சொன்னாள்: "எனக்குக் கத்தியப் பத்திப் பயமில்லீங்க. ஒங்க மொகத்தப் பாத்தாத்தான் பயமா இருக்கு."

அறுவை அன்று காலை, பழைய ஸ்கேன் படங்கள் வேண்டும் என்றார்கள். அவை வீட்டில். பிற்பகல் இரண்டுக்குள் படங்களோடு வந்து கையெழுத்துப் போட்டால்தான் அன்றைக்கு. இல்லையென்றால் அடுத்த வாரம். கட்டிக்கு அடுத்த வாரம்வரை பொறுமை இருக்குமா என்று யாரும் சொல்லவில்லை. காரை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் வந்தேன். வழியில், சத்திரக்குடிக்கு முன்னால், ஒரு லாரியின் ஹாரன் என்னை எழுப்பியது. சாலையின் தவறான பக்கத்தில் இருந்தேன். லாரிக்காரன் என்னைத் திட்டியது காதில் விழவில்லை. அவன் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

படங்களை எடுத்துக்கொண்டு, திரும்பும் முன் ஸ்டாண்டு அருகே டீக்கு நின்றேன். கண் சொக்கி, டீ சட்டையில் சிந்தியது.

"எத்தன மணி நேரம் சார்?" தலகாணி.

"இன்னைக்கு வேணாம்ணே. அவளுக்கு ஆபரேசன். ரெண்டு மணிக்குள்ள மதுரையில நிக்கணும்."

"அதான் கேக்குறேன். எத்தன மணி நேரம்?"

"மூணு நாளைக்கும் சேத்து அஞ்சு இருக்கும்."

என் கண்ணையே பார்த்தார். பிறகு, எல்லாருக்கும் சாவி கொடுக்கிற அந்த மனிதர், முதல்முறையாக என் முன்னால் கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க."

"அண்ணே, வெளையாடாதீக. நேரமாச்சு."

"நீங்க போறது ஆஸ்பத்திரிக்கா, சுடுகாட்டுக்கா? ரெண்டுக்கும் ஒரே ரோடுதான். குடுங்க சார்."

ஏர்வாடிக்குப் போகக் காத்திருந்த தம் பயணிகளைப் பக்கத்து வண்டியில் ஏற்றிவிட்டு, என் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கிளம்பும்முன் இறங்கிப் போய்த் தலையணையை எடுத்துவந்து பின்இருக்கையில் போட்டார். "படுங்க" என்றார். ஸ்டாண்டே வாயைப் பிளந்தது. தலையணையில் தேங்காய் எண்ணெயும் வெயிலும் கலந்த வாசனை. பரமக்குடி எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. மானாமதுரையும் தெரியாது. கிணற்றில் விட்ட வாளிபோல் போய்க்கொண்டே இருந்தேன்.

ஏதோ சண்டைச் சத்தத்தில் விழித்தேன். மருத்துவமனை வளாகம். காவலாளி கார் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க நிறுத்தக் கூடாதுய்யா, வண்டிய எடு!"

"ஒரு மனுசன் தூங்குறாரு. ஒங்க ஆஸ்பத்திரில இதவிட என்ன பெரிய வைத்தியம் பாக்கப் போறீக?"

மணி ஒன்றரை. முக்கால் மணி நேரமாக அங்கே நிற்கிறோமாம். அதற்குள் அவர் மாடிக்குப் போய் என் மனைவியைப் பார்த்து, "படத்தோட வந்துட்டாருத்தா, கீழ தூங்குறாரு, எழுப்பவா?" என்று கேட்டிருக்கிறார். அவள் சொன்னது: "எழுப்பாதீகண்ணே. அவரு தூங்கிப் பாத்து வருசமாச்சு."

மருத்துவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. கையெழுத்து கோட்டுக்கு மேலே நின்றது. உள்ளே கொண்டுபோகும்போது அவள் என் கன்னத்தைத் தொட்டு, "இப்பப் பயமில்லீங்க, போயிட்டு வாரேன்" என்றாள்.

கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்று இரவு கண்காணிப்பு அறைக்கு வெளியே ஒருவர் இருக்க வேண்டும், செவிலியர் கூப்பிட்டால் போக.

"நீங்க படுங்க, நான் இருக்கேன்" என்றார் தலகாணி.

"நீங்களா? முழிச்சிருப்பீகளாக்கும்?" சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தாழ்வாரத் தரையில் படுத்ததுதான் எனக்கு நினைவு.

விடிந்தபோது பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். செவிலியர் என்னைப் பார்த்து அலுத்துக்கொண்டார்: "யாருங்க இவரு? அரைமணிக்கு ஒருக்கா வந்து, அந்தம்மா தூங்குறாகளா தூங்குறாகளான்னு கேட்டு எங்கள ஒக்காரவே விடல."

"நல்லாத் தூங்குறாக சார்" என்றார் அவர். எழுந்தவர் தடுமாறிச் சுவரைப் பிடித்தார். "இந்தக் கண்ண வச்சுக்கிட்டு ஸ்டியரிங்கத் தொடக் கூடாது. நான் பஸ்ல போறேன்."

பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தவர், நடத்துநர் வரும்முன்பே, வாய் லேசாகத் திறந்தபடி உறங்கிவிட்டார். வெயில் அவர் நரைமீசையில் விழுந்தது, திரையை இழுத்துவிட்டேன்.

"எங்க?" என்றார் நடத்துநர்.

ராமநாதபுரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பஸ் அதற்கப்புறமும் ஒன்றரை மணி நேரம் ஓடும்.

"ராமேஸ்வரம் ஒண்ணு. நடுவுல எழுப்பிராதீக."