முச்சந்திப் பூசணிக்காயும் எங்கள் வீட்டு உரத்தொட்டியும்

சிதம்பரம்,
சனிக்கிழமை.

மேல்பட்டாம்பாக்கம் மச்சான் செந்தமிழ்செல்வன் அவர்களுக்கு, உங்கள் அக்கா புருஷன் தங்கராசு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உரத்தொட்டியும் நலம். அங்கு நீங்களும், தங்கச்சி சந்திரலேகாவும், மூன்று வாரமாக உங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மனைவி லோகநாயகியும் சுகமாக இருக்க நடராசரை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் கூப்பிட்டால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், பின்னால் உங்கள் அக்கா இருமுவது எனக்குக் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

ஊரின் கண்திருஷ்டியை எல்லாம் சைக்கிளில் வாரிக் கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லப்பட்டிருக்கும். அது உண்மைதான். ஆனால் எப்படி நடந்தது என்று முதலிலிருந்து கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள். நான் ரிட்டயர் ஆன மறுவாரம், எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் மலர்க்கொடி கேட்டில் நின்று, "சார், மக்குறது மக்காதது எல்லாத்தையும் ஒண்ணா கட்டிக் குடுத்தா நான் எத்தினி வூட்டுக்குத்தான் பிரிக்கிறது? நாளையிலேர்ந்து இப்பிடிக் குடுத்தா வாங்க மாட்டேன்" என்றாள். முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து, மூன்று நிமிஷம் தாமதமாக வந்த டிரைவர்களைக் கேள்வி கேட்டவன் நான். என்னை ஒருத்தி கேள்வி கேட்டுவிட்டாள், அதுவும் நியாயமான கேள்வி. இனி இந்த வீட்டிலிருந்து ஒரு வெங்காயத் தோல்கூட வெளியே போகாது என்று அன்றைக்கே முடிவெடுத்து, நீல டிரம் ஒன்றை வாங்கிச் சுற்றிலும் ஓட்டை போட்டுக் கொல்லையில் வைத்தேன். காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு, வாடிய பூ, காய்ந்த இலை போடலாம். மீன், கறி, எண்ணெய், சமைத்த சோறு போடக் கூடாது என்று நகராட்சியில் ஒரு நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். உங்கள் அக்கா அதன்மேல் காலண்டரை மாட்டினாள்.

தவறே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நீங்கள் கடலூர் துறைமுகத்திலிருந்து ஆசையாக இறால் வாங்கி வந்தீர்களே, அதன் ஓடுகளைத் தொட்டியில் போட்டது நான்தான். நோட்டீசில் மீன் கூடாது என்றுதான் இருந்தது, இறால் என்று இல்லை. அன்றிலிருந்து நான்கு நாள் ஏழு பூனைகள் எங்கள் கொல்லையில் குடியிருந்தன. அப்புறம் வெறும் பச்சைத் தோலாகப் போட்டுப் போட்டு உள்ளே புழு நெளிய, மலர்க்கொடிதான் எட்டிப் பார்த்து, "ஒரு கை பச்சைக்கு ரெண்டு கை காஞ்சது போடணும் சார், அப்பதான் நாறாது" என்று சொல்லிக்கொடுத்தாள். காய்ந்ததைத் தேடி நான் வீடு முழுக்க அலைந்து, பரண்மேல் இருந்த மிக்சி அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டேன். வாரன்டி கார்டு அதற்குள் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? அந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். சாமிப் பூவை இறால் ஓடு கிடந்த இடத்தில் போடுவீர்களா என்று உங்கள் அக்கா கேட்டதும் நியாயமாகப் பட்டது. சாமிப் பூவுக்குத் தனியாக ஒரு சின்ன டிரம் வாங்கி, அதில் கால் படாமல் செங்கல் மேல் உயரமாக வைத்தேன். இவ்வளவு விட்டுக்கொடுத்த மனுஷன் வேறு யார் இருக்கிறார்?

சரி, பூசணிக்காய்க்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை பால் வாங்கப் போனேன். தெருவில் கடைக்குக் கடை, ஆட்டோவுக்கு ஆட்டோ சுற்றி உடைத்த பூசணிக்காய்கள் குங்குமத்தோடு கிடக்கின்றன. எங்கள் முச்சந்தியில் மட்டும் பதினொன்று. ஒரு ஆள் ஸ்கூட்டரோடு அதில் வழுக்கி என் கண்முன்னால் விழுந்தார். அத்தனையும் அருமையான பச்சைக் கழிவு, மச்சான்! சாக்கில் கட்டி மூன்று நடை சைக்கிளில் கொண்டுவந்து, காய்ந்த இலை போட்டு மூடினேன். பூசணிக்காய் மக்கும். அதன்மேல் இருக்கும் திருஷ்டி மக்குமா மக்காதா என்று நோட்டீசில் எங்கும் இல்லை. பக்கத்து வீட்டுச் சவரியம்மாள் டீச்சர் மதில்மேல் எட்டிப் பார்த்து, "எனக்கு இதுலல்லாம் நம்பிக்க கெடையாதுங்க சார். ஆனா இனிமே எங்க கேட்ட ஒரசிக்கிட்டு எடுத்துட்டுப் போவாதீங்க" என்றார்.

அன்று மாலையே மிக்சி புகைந்து நின்றுவிட்டது. வாரன்டி கார்டு எங்கே என்று உங்கள் அக்கா கேட்டாள். மறுநாள் கொல்லைப்படியில் அவளுக்குக் கால் பிசகியது. "ஊரு உலகத்து கண்ணு பூரா நம்ம வூட்டுக் கொல்லையில ஊறிக்கிட்டு கெடக்குது. அந்தத் தொட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த ஒரு நிமிஷம்தான் தப்பு. அதற்குள் பையை எடுத்துவிட்டாள்.

தொட்டியை நான் எடுக்கப் போவதில்லை. இதை நீங்கள் அவளிடம் தெளிவாகச் சொல்லிவிடலாம். மூடியைத் திறந்தால் மழை பெய்த மண் வாசனைதான் வருகிறது, திருஷ்டி வாசனை ஒன்றும் வரவில்லை. உள்ளிருந்து பூசணிக்கொடி ஒன்று ஓட்டை வழியாகத் தலை நீட்டியிருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மூன்று வாரமாகத் தொட்டி நிறையவே மாட்டேன் என்கிறது. என் சமையல் பாதிக்கு மேல் தீய்ந்துபோகிறது, சமைத்ததை அதில் போடவும் கூடாது. ஒரு ஆள் டீத்தூள், ஒரு ஆள் வாழைப்பழத் தோல், அவ்வளவுதான். அவள் ஆய்ந்து போடும் கீரைத்தண்டு இல்லை, முருங்கை ஈர்க்கு இல்லை, தலையிலிருந்து எடுத்த பூ இல்லை. இரண்டு பேர் குப்பை இருந்தால்தான் அது வீடு என்று இந்த வயதில்தான் தெரிகிறது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது மச்சான். அவளைப் பத்து நாற்பது பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள். தொட்டி இருக்கும், நானும் இருப்பேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. தங்கச்சியை அதிகமாக வேலை செய்ய விடாதீர்கள். வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ்க.

இப்படிக்கு,
உறுதியுடன்,
தங்கராசு.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். உறையை ஒட்டப் போகும்போதே உங்கள் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள், தோளில் ஒரு மூட்டையோடு. அதில் என்ன என்று நீங்கள் கேட்டதற்குத் துணி என்று சொன்னாளாமே, துணி இல்லை. மூன்று வாரமாக உங்கள் வீட்டுக் காய்த்தோலை மொட்டை மாடியில் உலர்த்திச் சேர்த்து வைத்தது. "கீரத்தண்ட பிளாஸ்டிக் கவர்ல போட்டு தெருவுல வெக்கிறாங்க. பாக்கப் பாக்க எனக்குக் கை கூசுதுங்க" என்று சொன்னாள். தங்கச்சி தவறாக நினைக்க வேண்டாம்.

வந்ததும் நேராகக் கொல்லைக்குப் போய் மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு பிடி அள்ளி மோந்தாள். பிறகு என்னைக் கடைக்கு அனுப்பிப் புதிதாக ஒரு பூசணிக்காய் வாங்கிவரச் சொல்லி, "தெரு கண்ணு பூரா இது மேலதான் இருக்கும்" என்று தொட்டியை மூன்று சுற்றுச் சுற்றி, முச்சந்தியில் கொண்டுபோய் உடைத்துவிட்டு வந்தாள். அதை நான் எடுக்கவே கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் எடுக்க மாட்டேன். மலர்க்கொடியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.