அத்தானை மாற்றிக் கொடுத்த விவரம்

லாக்-ஓ-ப்ரோஷே,
பிப்ரவரி மாதம், ஞாயிறு மதியம்.

என் அன்பிற்குரிய அக்கா கிஸ்லேனுக்கு,

உன் தம்பி ஃபெர்னான் மிகுந்த மரியாதையோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதுவது. நீயும், மகள் மிரேயும், அவளுக்குப் புதிதாய்ப் பிறந்த இரட்டைக் குழந்தைகளும் ஷெர்ப்ரூக்கில் சளி இருமல் ஏதுமின்றிச் சுகமாயிருக்க வேண்டும். இங்கே நான் சுகம். உன் பூனை சுகம். உன் வீட்டுக் குழாய் இந்தக் குளிருக்கும் உறையவில்லை. உன் கணவர் ரொசேர் அத்தானும் சுகமாகத்தான் இருக்கிறார். என்ன, அவர் இப்போது நம் ஐஸ் ஹாக்கி அணியில் இல்லை.

இது உன் காதுக்கு எட்டியிருக்கும் என்று தெரியும். வாரக்கணக்காக நான் போன் செய்தால் மிரேய்தான் எடுக்கிறாள். "அம்மா கொழந்தைய குளிப்பாட்டறாங்க மாமா" என்கிறாள். குழந்தைகள் இரண்டாகவே இருக்கட்டும், ஒரு மனுஷி எவ்வளவுதான் குளிப்பாட்டுவாள்? நீ என்மேல் கோபமாயிருக்கிறாய், அதுதான் விஷயம். ஊருக்குள்ளும் "அக்கா புருஷனையே கைமாத்தி விட்டவன்" என்றுதான் என்னைப் பேசுகிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே சொல்.

நம் வலையைக் காக்கிற கோலி ஓர்மிடா கிறிஸ்துமஸ் பூசை முடிந்து கோயில் படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டான் அல்லவா, அதிலிருந்து ஆரம்பித்தது எல்லாம். காகித ஆலை மூடிப் பல வருடம் ஆகியும் ஆலை பெயர் போட்ட சட்டையோடு கிழட்டு லீக்கில் ஆடிக்கொண்டிருக்கிறோம், மேனேஜர் நான், கோல் வலைக்கு முன் நிற்க ஆள் இல்லை. ஒரு சனிக்கிழமை ஓர்மிடாவின் தம்பியை நிறுத்தினேன், அவன் ரப்பர் வட்டு வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டான். இன்னொரு சனிக்கிழமை யாருமே இல்லாமல் ஆடிப் பார்த்தோம், அதற்கு அவனே தேவலை என்று தெரிந்தது. ஏரிக்கு அந்தப் பக்கத்துச் சுரங்க அணியிலோ இரண்டு கோலிகள், அதில் ஒருவன் ஒனெசிம். அதன் மேனேஜர் கறிக்கடை க்ளோவிஸ். ஆளை மாற்றிக்கொள்ள ஜனவரி கடைசிச் சனிக்கிழமை வரைதான் கெடு, அரங்கத்துத் தின்பண்டக் கடையில் விளக்கை அணைத்தால் முடிந்தது, அப்புறம் பனி உருகும்வரை யாரும் எங்கும் போக முடியாது. கெடுவுக்கு முந்தின வாரம் க்ளோவிஸ் தானாகவே என்னைத் தேடி வந்தான். "ஒனெசிம எடுத்துக்கோ. எனக்கு ரொசேர் வேணும்" என்றான். "எதுக்குடா அவரு?" என்று கேட்டேன். "எதுக்குன்னு கேக்காத. வேணும், அவ்வளவுதான்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அக்கா, நான் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்யவில்லை. பெரிய லீக் மேனேஜர்கள் தொலைக்காட்சியில் கோட்டு மாட்டிக்கொண்டு சொல்கிறார்களே, அதே முறையில்தான் அத்தானை எடை போட்டேன். வயதைப் பார், வேகத்தைப் பார், கோலைப் பார், உடம்பைப் பார் என்கிறார்கள். வயதை அவரே ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார். வேகம் என்றால், போன மாதம் இடைவேளை விட்டுப் பனி சீவும் வண்டி அரங்கைச் சுற்றி வந்தபோது, அத்தான் இன்னும் பெஞ்சுக்கு வந்து சேரவில்லை, வண்டிக்காரன் ஹார்ன் அடித்தான். கோல் என்றால் இந்த வருஷம் ஒன்றே ஒன்று, அதுவும் நான் அடித்தது அவர் பின்பக்கத்தில் பட்டு உள்ளே போனது. உடம்பு என்றால், மழை வருவதை ஒரு முழங்காலும் பனி வருவதை இன்னொரு முழங்காலும் சொல்லும் என்று உனக்கே தெரியும். அதே லீக்கில் அதிக கோல் அடித்தவன் யார்? பெருமைக்குச் சொல்லவில்லை, உன் தம்பி. இதை வைத்துப் பார்த்தால் ஒனெசிமுக்கு ஈடாக அத்தானைக் கொடுப்பது க்ளோவிஸை ஏமாற்றுகிற மாதிரி. எனக்கே பாவமாயிருந்தது.

இருந்தாலும் இன்னொரு ஆளையும் கேட்போம் என்று தின்பண்டக் கடை ஃப்ளோரெட்டிடம் கேட்டேன். அவள் உருளைக்கிழங்கைப் பொரித்துக்கொண்டே, "ரொசேர் ஆட்டத்துக்கு என்ன மதிப்புன்னு எனக்கெங்க தெரியும்? ஆனா ஒண்ணு, வட்டு அவருகிட்ட இருக்கறப்ப யாரும் எங்கிட்ட காப்பி கேக்க மாட்டாங்க" என்றாள். இது வியாபாரத்துக்கு நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை. விட்டுவிட்டேன்.

ஆனால் அன்று வண்டியை ஏரிக்கரை வழியாக ஓட்டி வந்தேன், அதுதான் தப்பாகப் போனது. நாம் இளவட்டமாய் இருந்தபோது அந்த ஏரிமேல்தானே பனியைத் தள்ளி மைதானம் போடுவோம். அப்பா உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் நம்மைத் திட்டுவார். மரம் வெட்டும் முகாமிலிருந்து ரொசேர் என்று ஒரு ஒல்லிப் பையன் வந்தான், காலுக்குப் பெரிதான ஸ்கேட்டுக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு. நீ அவனைப் பார்த்து, "இவன் நிக்கறதப் பாரு, கொக்கு மாதிரி" என்று சிரித்தாய். அப்புறம் அவன் காலடியில் வட்டு வந்தது. அது எப்போது என் மட்டைக்கு வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது அக்கா. நான் மட்டையை வைத்திருந்த இடத்தில் அது இருந்தது, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விட்ட மாதிரி. நீ சிரிப்பை நிறுத்தினாய். அந்தக் குளிர்காலம் முழுக்க நம் வீட்டில் பீன்ஸ் சமைத்தால் ஒரு தட்டு அதிகமாக வைத்தாய், அப்பா கேட்டால் பூனைக்கு என்றாய். அந்தப் பூனை பீன்ஸ் தின்றதை நான் பார்த்ததில்லை.

கியூபெக் நகரத்திலிருந்து தொப்பிக்கார ஆசாமி ஆள் தேட வந்ததும் அந்தக் காலத்தில்தான். வந்தவன் ரொசேரைப் பார்க்கத்தான் வந்தான். பார்த்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனான், கோல் எல்லாம் நான் அடித்ததால். ஊரே ரயில் நிலையத்துக்கு வந்து வழியனுப்பியது. நகரத்தில் ஒரு வட்டுகூட என்னிடம் ஒழுங்காக வரவில்லை, எல்லாம் முன்னால் போனது, இல்லை பின்னால் போனது. சீக்கிரமே திருப்பி அனுப்பினார்கள். நகரத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன். வந்த அன்று அத்தான் ஏரியில் காத்திருந்தார், "வந்துட்டியா, சரி, மட்டைய எடு" என்பதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு கெடு நாளன்று க்ளோவிஸ் முன்னால் உட்கார்ந்தேன். அத்தான் அடுத்த மேசையில் பொரித்த உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியுமாய்ப் பூத்தீன் தின்றுகொண்டிருந்தார், கேட்காத மாதிரி. க்ளோவிஸ், "இந்தா பாரு, முழங்கால் போச்சு, மூச்சு போச்சு. ஒனெசிம மட்டும் குடுக்கறேன், வேற கேக்காத" என்றான். எனக்குச் சுருக்கென்றது. "யாருக்குடா மூச்சு போச்சு? அவர் கண்ண மூடிட்டுப் போட்டாலும் வட்டு மட்டையத் தேடி வரும். உன் டீம்ல ஒருத்தனுக்கு அந்தக் கை இருக்கா?" என்று ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. ஏரி, ஸ்கேட், செய்தித்தாள் எல்லாம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. க்ளோவிஸ் பயந்துபோய், "அவ்வளவு பெரிய ஆளுன்னா நீ ஏன்டா குடுக்கற?" என்றான். வேண்டாம், நான் கொடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அத்தான் முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏன்டா க்ளோவிஸ், நான் ஒரு கோலிக்குத்தான் சமமா?"

"பின்ன என்ன ரொசேர் வேணும்?"

"கோலி, அப்புறம் உன் கடைக் கறி அடை, அந்த தூர்தியேர், பன்னிக்கறி நிறைய வெச்சது, வசந்தம் வரைக்கும் சனிக்கிழமை தோறும் ஃபெர்னான் டீமுக்கு. இல்லேன்னா நான் வர மாட்டேன்."

"அநியாயம்!"

"மச்சான், கையெழுத்துப் போடு. இவன் மனசு மாறுறதுக்குள்ள போடு."

ஃப்ளோரெட் விளக்கு சுவிட்சில் கை வைத்து நின்றாள். போட்டுவிட்டேன் அக்கா. தன் விலையைத் தானே ஏற்றிவிட்டு, மிச்சப் பூத்தீனைச் சாப்பிடப் போய்விட்டார் அந்த மனிதர்.

மறு வாரமே அவர்களோடு ஆட்டம். உடை மாற்றும் அறையில் என் பக்கத்து ஆணி காலியாக இருந்தது. யாரோ அதில் சட்டையை மாட்டப் போக, நான் கத்திவிட்டேன். ஆட்டத்தில் ஒனெசிம் மலை மாதிரி நின்றான், அதைச் சொல்லியாக வேண்டும். கோல் ஏதும் இல்லாமல் கடைசிக் கட்டத்துக்கு வந்தோம். அப்போது வட்டு அத்தானிடம் போனது. அரங்கமே அடங்கியது. அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. நான் மட்டையை வைத்திருந்த இடத்தில் அது வந்து உட்கார்ந்தது. நானும் யோசிக்காமல் அடித்துவிட்டேன். உள்ளே போனது. அத்தான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடிக்க வந்தார், பாதி வழியில்தான் தான் போட்டிருக்கும் சட்டை நிறம் ஞாபகம் வந்து அப்படியே நின்றுவிட்டார். க்ளோவிஸ் தன் தொப்பியைப் பனியில் வீசி எறிந்தான். "எந்த டீம்டா நீ!" என்று அவன் கத்த, அத்தான், "பழக்கதோஷம்ப்பா" என்றார். ஜெயித்தோம். என் பங்கு தூர்தியேரை மட்டும் உன் பூனைதான் தின்றது.

ஆக, மேனேஜர் என்ற முறையில் நான் செய்தது சரி. வயது, வேகம், கோல், உடம்பு எல்லாம் பார்த்து, எதிராளி ஆழம் தெரியாமல் கேட்ட நேரத்தில், சாமர்த்தியமாகப் பேசி, கெடுவுக்குள் முடித்தேன். நீ கோபத்தை விட்டுவிட்டு ஒரு தரம் போனை எடு. குழந்தைகளுக்கு இந்தக் கிழத் தாத்தாவின் முத்தம். மாதா அவர்களுக்கு நல்ல முழங்கால்களைக் கொடுக்கட்டும், உனக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு, உன் பாசமுள்ள தம்பி,
ஃபெர்னான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அத்தான் உன் பூனைக்கு மீன் கேட்டு வந்தார். கடிதத்தைப் பிடுங்கி முழுவதும் படித்தார். "சாமர்த்தியமாகப் பேசி" என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: க்ளோவிஸ் தானாக அவரைக் கேட்கவே இல்லையாம். இவர்தான் கறிக்கடைக்குப் போய், "ஃபெர்னானுக்கு கோலி இல்ல, ராத்திரி தூக்கம் இல்லாமத் திரியறான். என்னக் கேளு, ஒனெசிமக் குடு" என்று மூன்று நாள் கெஞ்சினாராம். உனக்கும் அன்றே தெரியுமாம், போனை எடுத்தால் சிரித்து உளறிவிடுவாய் என்றுதான் நீ எடுக்கவில்லையாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தான்" என்றேன்.

"சொல்லியிருந்தா குடுத்திருப்பியாடா?" என்றார்.