பெரணிக்குக் கட்டிய தாராபாத்திரம்

அடி அண்ணாமலை,
வைகாசி மாதம், செவ்வாய்க்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை வரை.

சௌபாக்கியவதி மருமகள் சந்திரகலாவுக்கு மாமனார் இராமலிங்கம் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன்னுடைய ஐந்து தொங்கும் கூடைகளும் சௌக்கியம். வேலூரில் நீயும் என் மகன் வேணுவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் என் கையெழுத்தை நீ மன்னிக்க வேண்டும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் மலைச் சரிவில் ஆடு இறங்குவது போல ஓரமாக இறங்கிப் போய்விடுகின்றன. அறுபத்தெட்டு வருஷம் பெருவிரலை மையில் அமுக்கிய கை இது. பேனாவைப் பிடித்தால் கடப்பாரையைப் பிடித்த மாதிரி வலிக்கிறது. நாலு மாதமாக முதியோர் கல்வி வகுப்பில் படித்து, முதன்முதலாக என் கையால் எழுதும் கடிதம் இதுதான். வகுப்பு நடத்தும் சரசு டீச்சர் முதல் கடிதம் ஒரு பக்கம் போதும் என்றார். ஒரு பக்கத்தில் அடங்குகிற சங்கதியா இது, நீயே படித்துப் பார்த்துச் சொல்.

நீ பயிற்சிக்குப் புறப்பட்டு பஸ் ஏறும்போது சொன்னது என் காதிலேயே இருந்தது. “மத்ததெல்லாம் ரெண்டு நாள் தாங்கும் மாமா. பெரணி மட்டும் ஒரு நாள் தண்ணி இல்லன்னா போயிடும்” என்றாய். ரெண்டு தடவை வாங்கிவைத்துக் கருகிப்போய், மூணாவது தடவை பிழைத்த பெரணி அது என்று எனக்குத் தெரியாதா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அதைத்தானே பார்ப்பாய். பால் சட்டி தொங்க வேண்டிய உறியில் செடி தொங்குகிறதே என்று ஆரம்பத்தில் நானும் சிரித்தவன்தான். இப்போது சொல்கிறேன், தேங்காய் நாரைக் கம்பிக்கூடையில் மெத்தை மாதிரி பரப்பி, மண்ணை நிரப்பி, வாசல் தாழ்வாரத்தில் வரிசையாகத் தொங்கவிட்ட உன் மூளை இந்த ஊரில் யாருக்கும் இல்லை. காலை வெயில் படும்போது பெரணி இலை ஒவ்வொன்றும் சீப்பு மாதிரி நிற்கிறது. ஸ்டூல் மேல் ஏறி இரண்டு வேளையும் நான்தான் ஊற்றினேன், ஒரு வேளை தவறவில்லை.

அப்படி இருக்கும்போது கீழ்பென்னாத்தூரிலிருந்து என் தங்கச்சி தங்கம்மாள் ஆள் அனுப்பினாள். கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம், தாய்மாமன் நாலு நாள் முன்பின் இருந்தே ஆக வேண்டும். அக்கினி நட்சத்திரம் கொளுத்துகிறது. நாலு நாள் என்றால் பெரணி நாலு தடவை செத்துப்போகும். பக்கத்து வீட்டு ஆராயியிடம் சொல்லலாம் என்றால், உன் மணி பிளான்டின் வாலை அவள் கன்றுக்குட்டி தின்றதிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. கன்றைக் கட்டிப்போடு என்று நான் சொன்னதற்கு, “மாட்டு வாய்க்கு நேரா தழையைத் தொங்கவுட்டுட்டு மாட்டைத் திட்றீங்களே, நல்லாக்கீதா” என்று தெருவே கேட்கும்படி கேட்டவள் அவள். அவளிடம் போய் நிற்பதா.

யோசித்துக்கொண்டே கோயிலுக்குப் போனேன். உள்ளே சாமிக்கு மேலே தாராபாத்திரம் கட்டியிருந்தார்கள். அக்கினி நட்சத்திரத்தில் சாமிக்குச் சூடு தணிய வருஷா வருஷம் கட்டுவதுதான், நானும் வருஷா வருஷம் பார்ப்பதுதான். அடியில் சின்ன ஓட்டை, அதிலிருந்து லிங்கத்தின் தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஆனால் அன்றைக்கு அதைப் பார்த்ததும் எனக்குச் சாமி தெரியவில்லை, அண்ணாமலையார் மன்னிக்க வேண்டும், பெரணிதான் தெரிந்தது. குருக்களிடம் ஓட்டை எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். எதற்கு என்றார். செடிக்கு என்றேன். விபூதியை என் கையில் போட்டுவிட்டு, “ஓட்டையில திரியைச் செருகி விடுங்கோ, இல்லேன்னா ஒரே நாழியில கொட்டிடும்” என்றார். பெரிய மனசு.

மண் கலயம் எட்டு வாங்கி ஆணியால் ஓட்டை போட்டதில் மூன்று உடைந்து, சரியாக ஐந்து மிஞ்சியது. என் பழைய வேட்டியைக் கிழித்துத் திரி செய்தேன். கூடைகளுக்கு மேலே கலயங்களைக் கட்டித் தண்ணீர் நிரப்பிக் கீழே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மூச்சுக்கு ஒரு சொட்டு. அரை மணி நேரம் பார்த்தேன், கலயத்தில் தண்ணீர் குறைந்த மாதிரியே தெரியவில்லை. நாலு நாளென்ன, எட்டு நாளைக்கு வரும் என்று முடிவு செய்து பையை எடுத்தேன். ஆராயி மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். “செடிக்கு அபிசேகமா? மணியடிக்க ஆள் வேணும்னா சொல்லுங்க” என்றாள். நான் நேராகப் போய் பஸ் ஏறிவிட்டேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது, சாப்பாட்டில் குறை இல்லை, ஆனால் தாலி கட்டும்போதும் என் மனசு சொட்டு எண்ணிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் வந்து இறங்கினேன். இடையில் பௌர்ணமி வந்துபோயிருந்தது, மலை சுற்றுகிற ஜனம் நம் வாசல் வழியாகத்தானே போகும். தாழ்வாரத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. சந்திரகலா, உன் பெரணி கழுத்தில் சாமந்தி மாலை. மற்ற நான்கு கூடைக்கும் விபூதிப் பட்டை, குங்குமம். தரையில் கற்பூரம் எரித்த கரி. டேபிள் ரோஸ் மேல் வில்வம். மேலே தாராபாத்திரம் சொட்டுவதைப் பார்த்து, கீழே நாரும் தழையும் மூடி ஐந்து லிங்கம் இருக்கிறது என்று ஜனம் நினைத்துவிட்டது. இதெல்லாம் கிடக்கட்டும், பெரணியைச் சொல்கிறேன். ஒரு இலை வாடவில்லை. நான் விட்டுப்போனதைவிட ஜாஸ்தி பச்சை. புதுசாக மூன்று குருத்து, ஆட்டுக்கடா கொம்பு மாதிரி சுருட்டிக்கொண்டு நிற்கிறது. கையில் பையோடு அரை மணி நேரம் நின்று பார்த்தேன். படிக்காதவன் செய்த வேலை இவ்வளவு தூரம் வரும் என்று யார் கண்டது. நீ வந்ததும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டு, ஓட்டை எப்படிப் போடுவது என்று நானே சொல்கிறேன்.

வேணுவை வேளைக்குச் சாப்பிடச் சொல். நீ பயிற்சியில் நன்றாகச் செய்து பேரோடு திரும்பி வர அண்ணாமலையார் துணை இருப்பார். உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாமனார் இராமலிங்கம்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன்னால் யாருக்காவது படித்துக்காட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. வாசலில் ஆராயிதான் நின்றாள். பேச்சுவார்த்தை இல்லை என்பதை மறந்து முழுக்கப் படித்துவிட்டேன், அவளைப் பற்றி எழுதினதும் சேர்த்து. சாணிக் கையோடு கடைசி வரைக்கும் நின்று கேட்டாள். “நல்லா எழுதிக்கிறீங்க. ஆனா நீங்க போன மறுநாள் காலையிலயே அஞ்சு கலயமும் காலி” என்றாள். நான் எழுத்துதான் படித்திருக்கிறேன் சந்திரகலா, கணக்கு இனிமேல்தான் ஆரம்பிக்கிறார்கள். இரண்டு வேளையும் ஸ்டூல் மேல் ஏறி ஊற்றினது அவள். பௌர்ணமி அன்றைக்கு இடுப்பு வலி தாங்காமல் நின்றபோது, மலை சுற்ற வந்தவர்கள் இது என்ன சாமி என்று கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு சொம்பு ஊற்றினால் புண்ணியம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாளாம். ஏன் செய்தாய் என்று கேட்டேன். “அந்தப் பொண்ணு வந்து பெரணியைத்தான மொதல்ல பாக்கும்” என்றாள்.

மேலே எழுதியதை அடிக்க மனசு வரவில்லை, நாலு நாள் வேலை. ஆகையால் இரண்டையும் சேர்த்தே படித்துக்கொள். அடுத்த வாரம் உனக்கு இன்னொரு கடிதம் வரும். அதை ஆராயி சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். என்னைப் பற்றி என்ன சொன்னாலும் ஒரு எழுத்தைக்கூட விடக்கூடாது என்று பெரணி மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.