முத்தம்மாவுக்கு வலிப்பது எனக்கு எப்படித் தெரியும்?

மரியாதைக்குரிய மச்சான் எபினேசர் அவர்களுக்கு,

ஆரம்பாக்கத்திலிருந்து தங்கள் தங்கை முத்தம்மாவின் வீட்டுக்காரன் பாக்கியராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. மனசைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாத நிலையில்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் முத்தம்மா காதில் விழுந்துவிடுமோ என்று பயம்.

எல்லாம் நம்ம மகள் ஏஞ்சலினால் வந்தது. சென்னையில் எம்.ஏ. தத்துவம் படிக்கிறாள் அல்லவா, அடுத்த வாரம் வகுப்பில் பேச வேண்டுமாம். தத்துவம் தெரியாத ஒருத்தருக்கு முதலில் சொல்லிப் பார்க்கணும் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுக்கு வலித்தால் அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். நீ அழுவியே, அதுல தெரியும் என்றேன். "அழறது தெரியுதுப்பா. வலி தெரியுதா?" என்றாள். மச்சான், யோசிச்சு யோசிச்சு கைல இருந்த டீ ஆறிப்போச்சு. அடுத்தவங்களுக்கு உள்ள மனசு இருக்குதுன்னு நாமளாத்தான் நெனச்சிக்கினு இருக்கோமாம், யாரும் பாத்தது கெடையாதாம். சரி, பதில் இன்னான்னு கேட்டா, எல்லாரும் ஒத்துக்கினா மாதிரி ஒரு பதிலும் இல்லப்பான்னு சந்தோஷமா சொல்றா. பதில் இல்லாத கேள்விக்கா தெனம் ரயில் ஏறிப் போறா?

மறுநாள் கும்மிடிப்பூண்டி கம்பெனில, என்கூட வேலை பாக்கற ஜோஷ்வா எப்பவும் போல நாஷ்டா ஆச்சான்னு கேட்டான். கேக்கறது வாய். உள்ள ஆள் இருக்கானான்னு அவன் கண்ணையே பாத்துக்கினு நின்னேன். அவன் பயந்துபோய் சூப்பர்வைசர் பார்த்திபனைக் கூட்டியாந்துட்டான். உடம்புக்கு இன்னா பண்ணுதுன்னு அவரு கேட்டாரு. "சார், நீங்க உள்ள இருக்கீங்களா?"ன்னு வாய்ல வந்துடுச்சு. லீவு குடுத்து ஊட்டுக்கு அனுப்பிட்டாரு. ரயில்ல சுத்தி அத்தினி பேரு. எல்லாரும் வெறும் உருவமா இருந்து, நான் ஒருத்தன்தான் மனசோட உக்காந்திருக்கேன்னா? நம்ம ஸ்டேஷன் வர்ற வரைக்கும் கண்ணை மூடிக்கினேன் மச்சான்.

ஊட்டுக்கு வந்தா முத்தம்மா முட்டி வலிக்குது, தைலம் தேச்சு உடுன்னு காலை நீட்டினா. நான் சும்மா இருந்திருக்கணும். நீ சொல்றது கேக்குது, வலிதான் எனக்குத் தெரியலன்னுட்டேன். காலை மடக்கிக்கினா. அன்னைலேர்ந்து பேச்சு இல்ல. தட்டை வெக்கறா, போறா. மூஞ்சில கோவம் கூட இல்ல. முன்னெல்லாம் பேசுறதை வெச்சு ஏதோ யூகிச்சுக்கினு இருந்தேன், இப்ப அதுவும் போச்சு. உள்ள இன்னா இருக்குதோன்னு நெனச்சாலே பயமா இருக்குது. மனசுன்னா இதுதான்னு ஒரு வரில சொல்லிட்டா பயம் போயிடும்னு பாத்தேன். உள்ள வலிக்கறது எதுவோ அதான் மனசுன்னேன். முட்டியும் உள்ளதான்பா வலிக்குதுன்னுட்டா ஏஞ்சலின்.

நீங்க உடனே பொறப்பட்டு வந்து, இவளை வேற படிப்புக்கு மாத்தி, உங்க தங்கச்சி உள்ள இருக்காளான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லணும். கூடப் பொறந்தவங்க கேட்டா சொல்லுவா.

கர்த்தர் தங்கள் குடும்பத்தைச் சுகத்தோடு நடத்துவாராக. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அது இருப்பதாக நம்பிக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
நடுங்கிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை,
பாக்கியராஜ்

பின்குறிப்பு: மச்சான், வர வேணாம். உறை ஒட்டறதுக்குச் சோத்துப் பருக்கை எடுக்கப் போன நேரத்துல முத்தம்மா கடுதாசிய முழுசும் படிச்சுட்டா. "உனக்குள்ள ஆள் இருக்குதான்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கும் சந்தேகம்தான். இவ்ளோ பயப்படறியே, அப்ப இருக்குது"ன்னு சொல்லிட்டுக் காலை நீட்டினா. தைலத்தை ஊத்தி முட்டில அழுத்தினேன். அவ வாயே தொறக்கல. நான்தான் 'ஆ'ன்னேன்.