பந்து சூப்பில் விழுந்ததற்கான சான்று

பாசமும் மரியாதையும் ஒருசேர நிறைந்த நியோலே அக்காவுக்கு,

கௌனாஸிலிருந்து தம்பி ரிமாஸ் எழுதிக்கொள்வது. நானும் லைமாவும் நலம். டப்ளினில் நீயும் அத்தானும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "உர்தே அமெரிக்கா போறாளா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு" என்று போன வாரம் போனில் அதட்டினாய். ஒரே வார்த்தையில் சொல்ல வராததால்தான் இந்தக் கடிதம்.

மார்ச் மாதம் ஹாலரன் என்றொரு அம்மாள் வந்தார். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர். நம் உர்தே ஆடியதைப் பார்த்துவிட்டு, படிப்பு, சாப்பாடு, தங்க இடம் எல்லாம் கல்லூரி பொறுப்பு என்றார். நாங்கள் கேக் வெட்டிவிட்டோம். அவசரப்பட்டுவிட்டோம், அக்கா. ஆடத் தெரிந்தால் மட்டும் போதாதாம், பள்ளியில் ஒழுங்காகப் படித்ததற்கும் சாட்சி வேண்டுமாம், அதைப் பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு தகுதி அலுவலகம் இருக்கிறதாம். பிள்ளை பத்துக்கு எட்டு, ஒன்பது வாங்குகிறவள், நமக்கென்ன பயம் என்று இருந்தேன். முதல் கடிதமே மதிப்பெண்ணைப் பற்றி இல்லை. அப்பா பெயர் வர்னாஸ், அம்மா பெயர் வர்னியெனே, பெண் பெயர் வர்னைதே, மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர் இருக்கிறதே, உங்களுக்குள் என்ன உறவு என்று கேட்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினேன்.

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துக்கப்புறம் அமெரிக்காக்காரன் கேக்குறான் பாரு," என்றாள் லைமா. "நானும் பல தடவ யோசிச்ச கேள்விதான்."

எங்கள் ஊரில் கணவன், மனைவி, மகள் என்று ஆளுக்கொரு வால் ஒட்டுவோம், வால்தான் வேறு, காகம் ஒன்றுதான், வர்னாஸ் என்றால் காகம் என்று விளக்கமாக எழுதினேன். 'காகம் பற்றிய தகவலுக்கு நன்றி. அதிகாரபூர்வமான சான்று தேவை' என்று பதில் வந்தது. பல்கலைக்கழகத்தில் மொழித்துறைப் பேராசிரியர் ஒருவரைப் பிடித்து இரண்டு பக்கச் சான்றிதழ் வாங்கினேன். மனிதர் முத்திரை குத்தும் முன் உர்தேயின் கையெழுத்தைத் தன் பேத்திக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அது முடிந்ததென்று மூச்சு விட்டால் ஜூலையில் அடுத்த இடி. இயற்பியல் பாடம் இருக்கிறது, ஆய்வகத்தில் சோதனை செய்ததற்கு ஆதாரம் இல்லை, ஆகவே பாடம் செல்லாது, மாதக் கடைசிக்குள் பன்னிரண்டு சோதனைகளின் குறிப்பேடு வந்து சேர வேண்டும் என்றார்கள். அவள் அந்தப் பாடம் படித்த வருடம் பள்ளி ஆய்வகத்தில் தரையைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள், அக்கா. இன்னும் அப்படியே கிடக்கிறது! கணுக்கால் வீங்கியும் ஆட்டத்தை விட்டு வெளியே வராத பெண், ஷூவைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டு, "விடுங்கப்பா, நான் இங்கயே ஆடிக்கிறேன்" என்றாள். அதைக் கேட்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? அவளுடைய இயற்பியல் ஆசிரியை தங்குவோலே விடுமுறையில் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நேரே போய் நின்றேன். கையில் மண்ணோடு எழுந்தார்.

"ஆய்வகம்னா என்ன ரிமாஸ்? அளக்கணும், எழுதணும், தப்பாப் போனா மறுபடி அளக்கணும். அதுக்குக் கூரை எதுக்கு? நீங்க பஸ்ஸு ஓட்டுறவருதானே?"

அப்படித்தான் ஒரு ஞாயிறு காலை, மேலாளரைக் கெஞ்சி, பணிமனைக்குள் காலி மின்பேருந்தை ஓட்டினேன். பிரேக் போட்டால் வண்டி நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று அளக்க, உர்தே நிறுத்துகடிகாரத்தோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, நீங்க ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி பிரேக் போடுறீங்க."

"இருபது வருஷமா ஒரு பயணிகூடக் குறை சொன்னதில்ல."

"அவங்க கையில கடிகாரம் இல்லையேப்பா!"

ஒன்பதாவது சோதனைதான் வினை. வெவ்வேறு உயரத்திலிருந்து பந்தைப் போட்டு எவ்வளவு எழும்புகிறது என்று அளக்க வேண்டும். நாலாவது மாடியில் எங்கள் பால்கனி. கீழே முற்றத்தில் கீழ்வீட்டு ஜிதா அம்மாள் புது மாப்பிள்ளைக்கு விருந்து வைத்து, பீட்ரூட் குளிர் சூப்பைப் பெரிய சட்டியில் கொண்டுவந்து வைத்த நேரம் பார்த்து உர்தே பந்தை விட்டாள். காற்று வீசியது என்று நான் இன்றைக்கும் சாதிக்கிறேன். பந்து சட்டிக்குள் விழுந்தது. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை ரோஜா நிறமாகிவிட்டது.

"அடேய் ரிமாஸ்! என் மாப்பிள்ளைய என்னடா பண்ணி வெச்சிருக்க!"

சோதனையை மேற்பார்வை பார்க்க வந்திருந்த தங்குவோலே ஆசிரியை பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஜிதா, பந்து எவ்வளவு உயரம் எழும்புச்சு?" என்றார்.

"எழும்புறதா? சட்டியிலயே உக்காந்திருக்கு!"

"உர்தே, எழுதிக்கோ. பூஜ்ஜியம்."

மூன்று வாரத்தில் முதல்முறையாகப் பிள்ளை சிரித்தாள். அப்படிச் சிரித்தாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை சண்டைக்கென்று படியேறி வந்தவர், விஷயம் தெரிந்ததும் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை அங்கேயே நின்றார். ஜிதா அம்மாள் புதிதாகச் சூப் செய்து எல்லோருக்கும் கொடுத்தனுப்பினார், அதோடு சேர்த்துச் சாப்பிடுகிற உருளைக்கிழங்கை எனக்கு மட்டும் வைக்கவில்லை.

குறிப்பேடு போனது. ஒன்பதாவது சோதனையில் ஏன் பூஜ்ஜியம் என்று அலுவலகம் கேட்டது. உர்தே நடந்ததை நடந்தபடி எழுதினாள். 'ஏற்றுக்கொண்டோம். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் வாசித்தோம்' என்று நேற்று பதில் வந்தது. நம் பெண் தகுதி பெற்றுவிட்டாள், அக்கா! வண்டி ஓட்டும்போது செய்தி வந்ததால் நிறுத்தத்தில் நின்று பயணிகளுக்கெல்லாம் அறிவித்தேன். கைதட்டினார்கள். ஒரு பெரியவர் மட்டும் எழுந்து, "எந்த எடத்துல ஆடுறா? வலது கை மட்டுந்தானா, இடது கையாலயும் போடுவாளா?" என்று விசாரித்தார். இரண்டு கையாலும் என்ற பிறகுதான் உட்கார்ந்தார்.

ஆகவே ஒரே வார்த்தையில்: போகிறாள். ஆகஸ்டு பத்தொன்பதாம் தேதி விமானம். இனிமேல் என் ஆயுளில் ஒரு படிவத்தைக்கூடத் தொடமாட்டேன். அத்தானுக்கு என் வணக்கம். உன் வீட்டில் அடுப்பும் மனசும் எப்போதும் சூடாக இருக்கட்டும்.

அன்புத் தம்பி,
ரிமாஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஹாலரன் அம்மாள் போன் செய்தார். அவருக்கு வேறொரு கல்லூரியில் பெரிய வேலை கிடைத்துவிட்டதாம். உர்தேவுக்கு அங்கேயும் இடம் உண்டாம். ஆனால் அந்தக் கல்லூரி வேறு விளையாட்டுச் சங்கத்தில் இருக்கிறதாம், வேறு தகுதி அலுவலகம், முப்பத்தெட்டுப் பக்கம் புதுப் படிவம். ஜனவரியில்தான் சேர முடியும். "நான் அவங்ககூடத்தான் போவேன்" என்று உர்தே யோசிக்காமல் சொல்லிவிட்டாள். நான் தலையில் கை வைத்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி ஐயோ என்றேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், அக்கா. ஜனவரி வரை பிள்ளை வீட்டில் இருப்பாள். முதல் பக்கத்தை ரொம்ப மெதுவாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.